வீரமுத்துவின் கால் சிமெண்ட்

வீரமுத்து தன் காலில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மனைவி மோகனா பார்த்துவிட்டாள்.

"என்னங்க பண்றீங்க?"

"உள்ள சிமெண்டு வச்சிருக்காங்கல்ல? ஏழு நாளைக்கு நனைக்கலன்னா வெடிச்சிரும் லா."

மலாக்காவின் புக்கிட் ரம்பாய் வட்டாரத்தில் கொத்தனாரான அவர் பூசாத சுவர் குறைவு. சாரத்திலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே உடைந்த எலும்பு ஒரு வருடமாக ஒட்டவில்லை. இப்போது செய்த ஆபரேஷனும் கைகொடுக்காவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

ஆபரேஷனுக்கு முன், எலும்பில் வைக்கும் புதுச் சிமெண்ட் ஒன்று ஆய்வுக்கு வந்திருப்பதாக டாக்டர் கிருபாலன் சொன்னார். அதற்குள் ரத்தக் குழாய் புகுந்து வளருமாம். பின்னாலேயே எலும்பும் வளருமாம். சிமெண்ட் கரைந்து இடம் விடுமாம். வீரமுத்து வாயைப் பிளந்தார். முப்பது வருடம் அவர் குழைத்த சிமெண்டில் பாசியைத் தவிர எதுவும் வளர்ந்ததில்லை. அந்தப் பரவசத்தில், டாக்டர் அதற்குமேல் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

சாக்கு பட்டதில் கட்டு ஊறிப்போனது. அதைக் காயவைக்க மின்காற்றாடியைப் போட்டார். சட்டென்று காய்ந்தால் விரிசல் விடுமே என்று பயந்து, மேலே பிளாஸ்டிக்கைச் சுற்றினார். நான்காம் நாள் தையலில் நீர் கசிய, மோகனா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். அந்தச் சிமெண்ட் ஆபரேஷன் மேசையிலேயே இறுகிவிடும், இனி ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று கண்டித்தார்.

வீரமுத்துவுக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. பூச்சு உள்ளே பொள்ளலாக இருக்கிறதா என்று சுவரைத் தட்டிப் பார்ப்பதுபோல, கொத்துக் கரண்டியின் பிடியால் காலைத் தட்டிக் காது கொடுத்தார். வலியில் உயிர் போனது. மோகனா கரண்டியை ஒளித்துவைத்தாள்.

ஆறு மாதம் கழித்து டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். வெற்றிடமாக இருந்த இடத்தில் மெல்லிய ரத்தக் குழாய்கள் வேர் விட்டிருந்தன. சுற்றிலும் புது எலும்பு. வீரமுத்துவின் கண் கலங்கியது. இப்படியொரு வேலையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"இந்தச் சிமெண்டச் செஞ்சவரு கையக் கும்பிடணும் டாக்டர்," என்று படத்தை நோக்கிக் கைகூப்பினார்.

ஆய்வில் சேர்ந்தவர்களில் யாருக்கு எதை வைத்தார்கள் என்பது ஆபரேஷன் செய்த குழுவுக்கு மட்டுமே தெரியும். ஆய்வு முடியும்வரை கிருபாலனிடமும் சொல்லக்கூடாது என்பது விதி. அன்றுதான் ஆய்வு முடிந்திருந்தது. நர்ஸ் சுரேகா ஒட்டியிருந்த உறையைப் பிரித்துப் படித்தாள்.

"அங்கிள், பாதிப் பேருக்குத்தான் சிமெண்டு. உங்களுக்கு உங்க எலும்பையே கொஞ்சம் சுரண்டி வச்சிருக்காங்க."