கெட்டி எண்ணெய் குடித்த சொகுசுக் கார்

நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் ஓடும் எந்த வண்டியும் காதுக்காரரிடம் பொய் சொல்ல முடியாது. ஓட்டுகிறவர்கள் சொல்லிப் பார்ப்பார்கள். வண்டி காட்டிக்கொடுத்துவிடும்.

புதுச்சத்திரத்தில் அவருடைய லாரிப் பட்டறைக்கு அடுத்த கடையில் உதிரிபாகம் எடுத்துக் கொடுப்பவன் நான். பெயரைக் கேட்கக் கூச்சப்பட்டு, ஊரே சொல்கிற மாதிரி காதுக்காரர் என்றே வைத்துக்கொண்டேன். நீளமான திருப்புளியின் நுனியை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் டீக்கடையில் கிளாஸ் கழுவக்கூடாது. கழுவினால் ஸ்பேனர் பறந்து வரும்.

ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது மனிதர் மண்டபத்தை விட்டு எழுந்து ஓடினார். மாப்பிள்ளை வீட்டார் பதறிப்போய்ப் பின்னால் ஓடினால், ஜெனரேட்டர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். "மூணாவது வால்வு அழுவுதுங்க. உள்ள எல்லாரும் சிரிச்சுட்டிருக்கறீங்க!"

அப்படிப்பட்டவர் பட்டறையையே பணயம் வைத்தார், போன வருடம்.

எங்களுக்கு எதிரில் போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருக்கும் ஓனர் ஒரு வெளிநாட்டுச் சொகுசுக் கார் வாங்கினார். எட்டே மாதத்தில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் மூன்று விநாடி கடகடவென்று சத்தம். பிறகு அமைதி. என்ஜினை இறக்கிப் பிரித்தாக வேண்டும் என்று சர்வீஸ்காரர்கள் சொல்லிவிட்டார்கள். காரை ஏற்றிப்போக ஒரு காலையில் வண்டியும் வந்து நின்றது.

காதுக்காரர் கூப்பிடாமலே போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"ஏனுங்க, லாரிக்கு வெக்கற காது இதுக்கு ஆவுமாங்க?" என்று ஓனர் சிரித்தார்.

"நீங்க பட்டனை அமுக்குங்க."

கடகடகட! திருப்புளியை எடுத்துவிட்டுக் காதுக்காரர் சொன்னார்: "எண்ணெய் மேல ஏறலீங்க. படியேற முடியாம மூச்சு வாங்குது." அளவுக்குச்சியை உருவி, எண்ணெயை விரலில் தேய்த்து மோந்து பார்த்தார். "இது ரிக்குக்கு ஊத்தற பேரல் எண்ணெயாச்சே?"

ஓனர் தரையைப் பார்த்தார். "சர்வீஸ்ல அவிய ஊத்தறது தண்ணியாட்டம் இருந்துச்சுங்க. ஆயிரம் அடி பாறையக் குடையற மிசினே இதைக் குடிச்சுட்டுத்தான் தாங்குது. நம்ம காருக்கும் ஊத்துனாத் தெம்பா இருக்குமேன்னு..."

"கைக்கொழந்தைக்குக் களி ஊட்டியிருக்கறீங்க! அந்த வண்டியத் திருப்பி அனுப்புங்க. நாளைக்குக் காலைல சத்தம் வந்தா, பட்டறையச் சாத்திட்டு நான் ஆடு மேய்க்கப் போறேன்."

காரின் புத்தகத்தில் போட்டிருந்த மெல்லிய எண்ணெயை நானே பஸ்ஸில் சேலம் போய் வாங்கி வந்தேன். பழையது பாகு மாதிரி இறங்கியது. பில்டரையும் மாற்றினார். "இதையெல்லாம் நம்பலாமுங்களா?" என்று ஓனர் புது எண்ணெயை விரலில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலை எதிர் வாசலில் திருவிழாக் கூட்டம். "ரெண்டு குட்டி புடிச்சு வெக்கட்டுமாங்க?" என்றார் டீக்கடைக்காரர். காதுக்காரர் அளவுக்குச்சியை இன்னொரு தடவை உருவிப் பார்த்தார்.

ஓனர் பட்டனை அமுக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அமுக்கப் போனார்.

"அமுக்காதீங்க! ஓடிட்டுத்தானுங்க இருக்குது!" என்று கத்தினார் காதுக்காரர்.

ஓனர் மீட்டரைப் பார்த்தார். முள் எழுந்து நின்றது. அவ்வளவுதான், விசில் பறந்தது. நின்றிருந்த லாரிகள் எல்லாம் ஏர்ஹாரன் அடித்தன. ஓனர் காதுக்காரரைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்து, நாமக்கல் வரை ஊர்வலம் போய் வந்தார்.

யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஓனரின் விரல் முதல் தடவை பட்டனுக்குப் போன அந்த நொடியில், காதுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விசில் பறக்கும்வரை எண்ணெய்ப் பிசுக்குள்ள அந்தக் கை விடவே இல்லை. அவர் வாரப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். தப்பித்தவறிப் படித்தால், என் கையை அவ்வளவு இறுக இதுவரை யாரும் பிடித்ததில்லை என்பதையும் சேர்த்தே படிக்கட்டும்.