விரால் வீட்டில் ஒரு விசாரணை

எனக்குக் கேள்வி கேட்கத் தெரியாது. முனைவர் பட்டம் வாங்கிய ஒருத்தி சொல்லக் கூடாத வாக்குமூலம்தான், என்ன செய்ய? அதற்குச் சாட்சி ஒரு கிராமமே இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் விரால் மீனின் வம்சாவளியை ஆராய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்துப் பக்கத்துக் கண்மாய்களில் வாழும் விரால்கள் ஒரே குடும்பமா, காலப்போக்கில் பிரிந்து தனித்தனி வம்சமாகிவிட்டனவா என்பது ஆராய்ச்சி. ("இதத் தெரிஞ்சு யாருக்கு என்னடி ஆகப்போகுது?" இது என் அம்மா.) மேற்கே ஒரு கிராமத்துக் கண்மாய் மட்டும் பாக்கி. வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஊர் கூடி மீன் பிடிக்கப் போகிறார்கள், அதற்குப் பிறகு ஒரு குஞ்சுகூட மிஞ்சாது என்று தகவல் வந்தது. அதற்குள் உயிருள்ள விரால் வராவிட்டால் ஆய்வேட்டைக் கட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார் பேராசிரியர்.

வியாழக்கிழமை மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். கையில் மூடி போட்ட வாளி. இறங்கியதும் டீக்கடையில் கேட்டேன்.

"அண்ணே, விரால் பத்தி விசாரிக்கணும்."

கடைக்காரர் முகமெல்லாம் பல். "மதுரையில இருந்து வாரீகளா? வாங்க, நானே கூட்டிப் போறேன்."

அவர் என்னைக் கண்மாய்க்குக் கூட்டிப் போகவில்லை, ஓர் ஓட்டு வீட்டுக்குக் கூட்டிப் போனார். அந்தக் குடும்பத்துக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் 'விரால் வீடு' என்பது எனக்குத் தெரியாது. அவர்கள் பெண் செல்விக்கு மதுரையிலிருந்து ஒரு வரன் பேசி, மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வருவார்கள் என்று காத்திருந்ததும் தெரியாது. செல்வியின் அப்பாவுக்குத்தான் மதுரை வரன் பிடித்திருந்தது. அம்மாவோ பெண்ணைத் தன் தம்பி முத்துவுக்கே கட்டிவைப்பதென்று மூன்று மாதமாக ஒற்றைக்காலில் நின்றார்.

காபி வந்தது. கேசரி வந்தது. என் காலி வாளியைப் பழக்கூடை என்று நினைத்துப் பவ்யமாக வாங்கி உள்ளே வைத்தார்கள். பட்டுப் புடவையில் ஒரு பெண் வந்து கும்பிட்டாள். நல்ல மரியாதை தெரிந்த ஊர் என்று நினைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தேன்.

"இங்க எத்தனை தலைமுறையா இருக்கு?"

"எங்க பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து, தாயி" என்றார் அப்பா.

"வெளியில இருந்து எதுவும் வந்து கலக்கலையே?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தப் பேச்சே கெடையாது. சுத்தமான வம்சம்."

"சுத்தம்னா சந்தோஷம்தான். ஆனா உள்ளுக்குள்ளயே பெருகிக்கிட்டிருந்தா வம்சம் நோஞ்சானாயிரும். அப்பப்ப வெளி ரத்தமும் சேரணும்."

"கேட்டியாடி? படிச்ச புள்ள சொல்லுது" என்றார் மனைவியைப் பார்த்து. அந்த அம்மாள் முகம் சுண்டிப்போனது. அப்பா என் பக்கம் திரும்பினார். "அப்ப உங்களுக்குப் புடிச்சிருக்கா தாயி?"

"ரொம்ப. இன்னைக்கே கொண்டுபோயிருவேன்."

"இன்னைக்கேவா?"

"ஆமா. உயிரோட வேணும். வாளியில கொஞ்சம் தண்ணி இருந்தாப் போதும். நாளைக்குக் காலையில ஊசி போட்டு, மத்தியானம் வயித்தைக் கிழிச்சு..."

"அடிப் பாவி! எம்புள்ளையவா?" செல்வியின் அம்மா விளக்குமாற்றை எடுத்துவிட்டார்.

வாசலில் உட்கார்ந்திருந்த முத்துதான் காப்பாற்றினார். வாளி மூடியில் காற்றுக்காக நான் போட்டிருந்த ஓட்டைகளை அவர் மட்டும் பார்த்திருந்தார். "யக்கா, நிறுத்து! அந்தப் புள்ள கண்மா விராலக் கேக்குது!"

வீடே சிரித்தது. நான் கையில் கேசரியோடு அழுதேன். மானம் போனதுகூடப் பெரிதில்லை, மீனும் போச்சே என்று அழுதேன்.

மீன் போகவில்லை. முத்து, ஊத்தா என்கிற மூங்கில் கூடையோடு கண்மாயில் இறங்கி, பொழுது சாய்வதற்குள் ஆறு விரால் பிடித்துப் போட்டார். வாளியைப் பஸ்ஸுக்குத் தூக்கி வரும்போது மெல்லக் கேட்டார்.

"உள்ளுக்குள்ளயே கட்டுனா வம்சம் கெடும்னீகளே, நெசந்தானா?"

"மீனுல அப்படித்தான்."

"அம்புட்டுப் போதும். அதை எங்கக்காகிட்ட இன்னொருக்காச் சொல்லிட்டுப் போங்க. செல்வி நான் தூக்கி வளத்த புள்ள. அதுக்கும் இஷ்டமில்ல, எனக்கும் இஷ்டமில்ல. அக்காகிட்டச் சொல்லத்தான் வாய் வரல."

பஸ்ஸை விட்டேன். திரும்பிப் போய் அந்த அம்மாளுக்கு அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன். (பின்னாளில் என் வாய்மொழித் தேர்வில்கூட நான் அவ்வளவு பாடுபடவில்லை.) கதவுக்குப் பின்னால் செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள் கடைசியில் பெருமூச்சு விட்டார்.

"சரி, எம்மகள மதுரைக்கே குடுக்குறேன். எந்தம்பிக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடினேன்.

அதற்குப் பிறகு மழை பெய்து கண்மாய் நிறைந்ததும், மாதம் ஒருமுறை முத்துவே விரால் கொண்டுவந்து ஆய்வுக்கூடத்தில் கொடுத்தார். குரோமோசோம்களை எண்ணி எண்ணி, அக்கம்பக்கத்துக் கண்மாய் மீன்களெல்லாம் ஒரே வம்சம்தான் என்று மூன்று வருடத்தில் கண்டுபிடித்தேன். "கண்மா நெறஞ்சு மறுகா வழியாத் தண்ணி பாயுற வருசம் கீழக் கண்மா மீனெல்லாம் எதுத்து ஏறி இங்கன வந்துருமே" என்று அவர் முதல் மாதமே சொல்லியிருந்தார். நான்தான் குறித்துக்கொள்ளவில்லை. ஒருநாள் அவர் காலி வாளியோடு வந்து நின்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

செல்வியின் அம்மா இன்று எனக்கு நாத்தனார். வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும், கையில் காபி கொடுப்பதற்குள் ஆரம்பித்துவிடுவார். "விராலு வேணும்னு வாளியோட வந்தா. எந்தம்பிய அள்ளிக்கிட்டுப் போயிட்டா."

என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் திருத்துவார். "அள்ளலக்கா. நானாத்தான் குதிச்சேன்."