வெள்ளிக்கிழமை வான் வேண்டாம் மாமா

முல்லைத்தீவு,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய ஜெமீல் மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் மாமிக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். இங்கே நானும் உங்கள் மகள் ஜொஹறாவும் பிள்ளையும் சுகம். சுகம் என்ற சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

தொலைபேசியில் நான் ஸலாம் சொல்லி முடிப்பதற்குள், "புள்ளைய அந்த ஊர் ஏத்துக்கொள்ளல்ல. வெள்ளிக்கிழமை வான் வரும்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

உங்கள் பேத்தி இஷ்ராவைக் கடித்தது நுளம்பு. ஒரேயொரு நுளம்பு. சனிக்கிழமை பின்னேரம், இடது கையில். மஃரிப் தொழுகைக்குள் கை பேக்கரிப் பணிஸ் போல வீங்கிவிட்டது. நான் டெங்கு என்று நினைத்தேன். பிறகு பாம்பு என்று. பிறகு எந்தப் பெயரும் இல்லாமல் வெறுமனே பயந்தேன். மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் மூச்சை எண்ணினேன். என் மூச்சையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். இரண்டு மடங்காக வந்தது.

டொக்டர் ஞானேஸ்வரி அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"காய்ச்சல் இல்ல, மூச்சும் நல்லா இருக்கு. கிருமியெண்டா வீங்க நாள் எடுக்கும். இது சில மணித்தியாலத்தில வந்திட்டுது. நுளம்பின்ர எச்சில் ஒத்துக்கொள்ளேல்ல. பிள்ளை இடத்துக்குப் புதுசோ?"

"வந்து நாலு மாசம். புத்தளத்தில பிறந்தது."

"இஞ்சத்த நுளம்பு இன்னும் பழகேல்ல. வளர வளரக் குறையும், பெரும்பாலும்."

அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லோடுதான் மூன்று நாட்களாக வாழ்கிறேன்.

அலர்ஜிக்குக் குடிக்கும் பாணி தந்தார். பூச்சு மருந்து. குளிர்த்துணி ஒத்தடம். நகத்தை வெட்டச் சொன்னார். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே கொண்டு வரவேண்டும். வீக்கத்தின் ஓரத்தில் பேனையால் கோடு போடவேண்டும்; கோட்டைத் தாண்டினால் காட்டவேண்டும்.

போட்டேன். ஒரு வட்டம். பேனையை மேசையில் விட்டது என் பிழை. நான் தேத்தண்ணி குடித்து வருவதற்குள் இஷ்ரா மற்றக் கை, கால், வயிறு எங்கும் வட்டம் போட்டுவிட்டாள். ஜொஹறா உங்களுக்கு அனுப்பிய படம் அதுதான். இருபத்து மூன்று வட்டங்கள். அதில் இருபத்திரண்டு ஓவியம்.

பக்கத்து வீட்டு விமலேஸ்வரி அக்கா எட்டிப் பார்த்தார். "என்ன முன்ஸிர், உங்கட காணிக்கே இன்னும் எல்லை போட்டு முடியேல்ல. பிள்ளைக்குப் போட்டிட்டியளோ?"

ஜொஹறா சிரித்தாள். என்னால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை தாயும் பிள்ளையும் புத்தளத்துக்கு வானில் ஏறினால் திரும்பி வரமாட்டார்கள். இங்கே காணிக்கு வந்து குடியேறச் சம்மதிக்கவே அவளுக்கு மூன்று வருடம் எடுத்தது.

இன்று வீக்கம் கோட்டுக்குள்ளே ஒரு விரல் அளவு சுருங்கிவிட்டது. வலை கட்டியாயிற்று. வாளித் தண்ணீர் எல்லாம் கொட்டியாயிற்று. நாலு மாசத்தில ஒரு உடம்பு ஒரு ஊரை எப்பிடிப் பழகும் மாமா? கொஞ்சம் அவகாசம் குடுங்கோ. வானை மறிச்சுப் போடுங்கோ.

உங்கள் துஆவில் எங்கள் மூன்று பேருக்கும் இடம் கேட்கும்
மருமகன்,
முன்ஸிர்

பி.கு.: ஜொஹறா இதை வாசித்துவிட்டாள். "வாப்பாட்ட வான் கேட்டதே நான்தான்" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "என்ட தையல் மெசினையும் அலுமாரியையும் அங்கேருந்து இங்க ஏத்தி அனுப்பத்தான் கேட்டன். அவர் போட்டோவப் பாத்திட்டு எங்கள ஏத்த வெறும் வானை அனுப்பப் பாக்கிறார்."

மாமா, வான் வரட்டும். வெறுமனே வரவேண்டாம்.