மாமனாராகப் போகிறவருக்கு ஒரு ஃபவுல்

அதிகாரம் கையில் கிடைத்தவுடன் மனிதனுக்கு முதலில் வளர்வது குரல். எனக்கு அது ஒரு கேரம் போர்டின் ஓரத்தில் வளர்ந்தது. எழுபதுகளில் சித்தூரில் எங்கள் சபையின் வாலிபர் சங்கத்துக்கு இருந்தது ஒரே ஒரு போர்டு. அதற்கு என்னை நடுவராகப் போட்டார்கள். (என் ஆட்டம் அவ்வளவு மோசம். ஆடவிட்டால் போர்டுக்குக் கேடு என்று போதகரே சொன்னதாகக் கேள்வி.)

முதல் வேலையாக ஒரு கரும்பலகையில் சட்டங்களை எழுதி மாட்டினேன். நாற்காலியை விட்டு எழுந்து அடித்தால் ஃபவுல், ஒரு காயைத் திருப்பி வைக்க வேண்டும். கெட்ட வார்த்தை பேசினால் அன்று முழுக்க அறைக்கு வெளியே. அதற்குப் பிறகு என் நடையே மாறிவிட்டது. லாரி மெக்கானிக் சாமுவேல் லேசாக எழுந்ததற்கு ஃபவுல் கொடுத்தேன். எதிர்த்துக் கேட்டான் என்று ஒரு வாரம் விலக்கியும் வைத்தேன். ஆனால் சபைப் பொருளாளர் பாதி உடம்பைப் போர்டின் மேல் சாய்த்து அடிக்கும்போது மட்டும் நான் சுவரில் பல்லி தேடிக்கொண்டிருப்பேன்.

இது சங்கக் கூட்டத்தில் வெடித்தது. "ஆளுக்கொரு ரூலா அண்ணா?" என்றான் சாமுவேல்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இனிமே யாரா இருந்தாலும் ஒரே ரூல்தான். எங்க நைனாவே வந்தாலும் வெளியதான்!" என்று எல்லோர் முன்னிலையிலும் சபதம் போட்டேன். (நைனா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா.)

கிறிஸ்துமஸ் வாரத்தில் திருப்பதி சபையோடு போட்டி. அவர்கள் தரப்பில் ஆட வந்தவர் ஆசீர்வாதம் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். நல்ல உயரம், அதைவிட நல்ல அகலம். அவர் கேரமுக்காக மட்டும் வரவில்லை. அவருடைய மகள் கிரேஸை எனக்குப் பேசியிருந்தார்கள். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளையை நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றிருந்தார் மாஸ்டர்.

"வாயத் தொறக்காம மரியாதையா நின்னுக்கினு இருடா, அது போதும்" என்று நைனா வீட்டிலேயே எச்சரித்திருந்தார்.

மாஸ்டருக்கு எதிரே ஆட உட்கார்ந்தவன் சாமுவேல். என் நேரம்.

மாஸ்டர் ஒவ்வொரு அடிக்கும் பாதி எழுந்தார். முதல் தடவை பல்லி தேடினேன். இரண்டாவது தடவையும் தேடினேன்.

"அண்ணா, செவுத்துல பல்லி இல்ல. இங்க பாருங்க" என்றான் சாமுவேல்.

அறையே சிரித்தது. என் வாயிலிருந்து "ஃபவுல்" என்று ஒரு சத்தம் வந்தது.

"நேனு லேவலேது!" என்றார் மாஸ்டர், எழுந்து நின்றுகொண்டே. (நான் எழுந்திருக்கவில்லை என்று அர்த்தம்.)

"காயத் திருப்பி வைங்க சார்" என்றான் சாமுவேல்.

"காடித கொடகா!" என்று அவன்மேல் பாய்ந்தார் மாஸ்டர். தெலுங்கில் கழுதை மகனே.

கூட்டம் கரும்பலகையைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. பின்னால் நின்ற நைனா, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். கிரேஸின் போட்டோ என் கண்முன் வந்து நின்றது. ஆனாலும் சபதம் போட்ட வாய் சும்மா இருக்குமா?

"சார்... வெளிய போங்க சார்."

மாஸ்டர் விறுவிறுவென்று வெளியே போனார். சாமுவேல் கைதட்டிச் சிரித்தான். என் கல்யாணமே கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது, இவனுக்குச் சிரிப்பு!

"சும்மா கெடடா, கழுதைக்குப் பொறந்தவனே!" என்று கத்திவிட்டேன்.

சாமுவேல் நிதானமாகச் சொன்னான்: "அண்ணா, அவரு தெலுங்குல சொன்னாரு, நீங்க தமிழ்ல சொல்றீங்க. ரூல் ஒண்ணுதானே?"

நானும் வெளியே போனேன்.

வாசல்படியில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். "நீ இன்னாத்துக்கு வந்த?"

"நீங்க சொன்னதையே நானும் சொல்லிட்டேன் சார். தமிழ்ல."

"அதுக்கு நீயே வெளிய வந்துட்டியா?"

"ஆமா சார்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னை இதுவரைக்கும் எவனும் வெளிய அனுப்பினதில்ல. உன்மேல அப்படிக் கோவம் வருது" என்றார். பக்கத்துப் படியைத் தட்டிக் காட்டி, "ஆனா உன்னை நம்பிப் பொண்ணு குடுக்கலாம். ஒண்ணு மட்டும் சொல்லிட்றேன். ரூல் போட்ற வேலைய இதோட உட்டுடு. எங்க வீட்ல அதுக்கு ஆள் இருக்குது" என்றார்.

அந்த ஆள் யாரென்று கல்யாணமான வாரமே தெரிந்துவிட்டது. சாப்பிடும்போது நான் குரலை உயர்த்தினால் கிரேஸ் வாசலைக் கைகாட்டுவாள். நான் தட்டோடு படிக்குப் போய்விடுவேன். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள், "மாமா இன்னிக்கு உள்ளயா, வெளியயா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்கள்.

போன மாதம் அப்படித்தான் படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சிலிண்டரை நடுவழியில் போட்டுவிட்டுப் போனவனைக் கிரேஸ் உள்ளேயிருந்து "கழுதை" என்று திட்டியது காதில் விழுந்தது. இத்தனை வருஷம் காத்திருந்த சந்தர்ப்பம்!

"கிரேஸ், நீயும் வெளிய வா. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்றேன்.

"அது கேரம் ஆட்றவங்களுக்கு" என்றாள். "சாப்ட்டாச்சுன்னா தட்டக் கழுவி வச்சுட்டு உள்ள வாங்க."