கிராம் அண்ணனின் சிவப்புச் சிலிண்டர்

இந்தச் சிங்கப்பூரில் என் உடம்பின் எடையைக் கடைசி நூறு கிராம் வரை மனப்பாடமாக வைத்திருந்த ஒரே மனிதர் கிராம் அண்ணன்தான். என்னைக் கட்டிக்கொண்டவளுக்கே அது தெரியாது. பாலிகிளினிக் டாக்டர் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால்தான் சொல்வார். கிராம் அண்ணனோ மின்தூக்கியில் நான் ஏறிய மாத்திரத்தில் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நேத்து பிரியாணியா தம்பி?" என்பார். ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

புக்கிட் மேராவில் எங்கள் மாடியிலேயே, மூன்று கதவு தள்ளி அவர் வீடு. சாங்கியில் சரக்கு விமானங்களில் ஏற்றும் பெட்டிகளை எடைபோடும் வேலை. இருபத்தைந்து வருஷம் எடைபோட்டதில் எதைப் பார்த்தாலும் அவருக்கு எண்ணாகத்தான் தெரியும். அக்கம்பக்கத்துச் சீனர், மலாய்க்காரர் எல்லோருக்கும் அவர் கிராம் அண்ணன்தான். சொந்தப் பெயர் அண்ணிக்குத் தெரிந்திருக்கலாம். அவரும் "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுவார்.

ஐம்பத்திரண்டாவது வயதில் இந்த மனிதருக்குச் சொந்தமாக ஒரு விமானம் செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டது. பொம்மை இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து பறக்கிற நிஜ விமானம். பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரும், நாமே சேர்த்து முடுக்கிக்கொள்ள வேண்டும். முதலில் வால் வந்தது. அதை வீட்டு வாசல் நடைபாதையில் வைத்து ஆணியடிக்க ஆரம்பித்தார். நாங்கள் பக்கவாட்டில் நடந்து வீட்டுக்குப் போனோம்.

நகர மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. தீப்பிடித்தால் ஆட்கள் தப்பிக்கிற வழியை இந்தப் பொருள் அடைக்கிறது, உடனே அகற்றவும் என்று எழுதியிருந்தார்கள். அண்ணன் வாலை அகற்றவில்லை. ஒரு தீயணைப்பானை வாங்கி வந்து வாலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். தீயை அவரே அணைத்துவிடப் போகும்போது யார் எதற்குத் தப்பிக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அடுத்து வந்த கடிதத்தில் அந்தத் தீயணைப்பானும் வழியை அடைப்பதாக இருந்தது.

அதன் பிறகுதான் வால், தீயணைப்பான், ஆணி டப்பா எல்லாம் பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குக் குடிபெயர்ந்தன. பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு சின்ன ஓடுபாதை, அதன் ஓரத்தில் தெரிந்தவர் ஒருவரின் கொட்டகை. அங்கே போய்வரக் கார் வேண்டும். மாடியில் கார் வைத்திருந்த அப்பாவி நான் ஒருவன்தான். ஞாயிறுதோறும் நான் காரோட்டுவது, பதிலுக்கு இரண்டு பேராகப் பறக்கும் முதல் நாளில் பக்கத்து இருக்கை எனக்கு என்று பேச்சாகியது. எனக்கும் ஆசை இருந்தது, மறைப்பதற்கில்லை. பெரிய விமானங்களில் எனக்கு எப்போதும் இறக்கைக்கு மேலே உள்ள இருக்கைதான் கிடைக்கும்.

மூன்று வருஷத்தில் விமானம் எழுந்து நின்றது. இதற்கிடையே அண்ணன் பறக்கக் கற்று உரிமமும் வாங்கிவிட்டார். அனுமதித் தாள்களுக்கு அலைந்தது தனிப் புராணம், அதை விட்டுவிடுவோம். சனியன் பிடித்தது எடைக் கணக்கில். விமானம், எரிபொருள், அவர், நான் எல்லாம் சேர்ந்து ஓர் அளவுக்கு மேல் போகக் கூடாது. கூட்டிக் கழித்துப் பார்த்து, எனக்கு எழுபது கிலோ என்று ஒதுக்கினார். நான் அப்போது எழுபத்தாறு கிலோ நானூறு கிராம். சொன்னது அவர்தான்.

சரி, விமானத்தில் வேறு எதையாவது குறைக்கலாமே என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே அந்தச் சிவப்புத் தீயணைப்பான் உட்கார்ந்திருந்தது. வண்ணப்பூச்சுக்கு எடை அதிகம் என்று இறக்கையின் அடிப்பக்கத்தைப் பூசாமலே விட்ட மனிதர் அவர். சட்டைப்பையில் இருந்த பேனாவின் மூடியைக்கூடக் கழற்றி எறிந்தவர். அவரிடம் சிலிண்டரை இறக்கச் சொன்னேன்.

"நீ இறங்கினாலும் இறங்கு தம்பி, அது இறங்காது லா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷம் பெட்ரோல் போட்டுக் கூட்டிப்போனவனைவிட ஒரு சிலிண்டர் பெரிதாகப் போய்விட்டது.

அந்தச் சிலிண்டர் சும்மாவும் இருக்கவில்லை. அது கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற பவுடர் வகை. மூடிய அறைக்குள் பவுடரை அடித்தால் விமானிக்குக் கண் தெரியுமா என்று அண்ணனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தேகம் வந்தது. என்னையும் உள்ளே உட்கார வைத்து, கதவைச் சாத்தி, ஓர் அழுத்து அழுத்தினார். கண் தெரியவில்லை. மூச்சும் வரவில்லை. இருமிக்கொண்டே வெளியே விழுந்தபோது இருவரும் மாவு மில்லில் இருந்து வந்தவர்கள் மாதிரி இருந்தோம்.

கொட்டகைக் குழாயில் அன்று பார்த்துத் தண்ணீர் வரவில்லை. உடம்பெல்லாம் வெள்ளைத் தூளோடு இரண்டு பேர் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடிக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. தனி அறையில் உட்கார வைத்தார்கள். தீயணைப்பான் தூள் என்றார் அண்ணன். எங்கே தீ என்று அதிகாரி கேட்டார். தீ இல்லை என்றார் அண்ணன். பிறகு எதற்கு அடித்தீர்கள் என்று கேட்டதற்கு, தீப்பிடித்தால் கண் தெரியுமா என்று பார்க்கத்தான் என்றார். அந்த அதிகாரி என் முகத்தை ஒரு நிமிஷம் பரிதாபமாகப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து விட்டார்கள்.

அதோடு சிலிண்டர் ஒழிந்தது என்று நினைத்தேன். மனிதர் அடுத்த வாரமே வேறொன்று வாங்கி வந்தார். பவுடர் இல்லாத வாயு வகை, கண்ணை மறைக்காதாம். இரண்டு கிலோ முந்நூறு கிராம். அதை மாட்டுவதற்கே ஒரு மாதம் ஆனது. பெல்ட் போட்டபடி அவர் கைக்கும் எட்ட வேண்டும், என் கைக்கும் எட்ட வேண்டும் என்று என்னை உட்கார வைத்து, எழுப்பி, மறுபடி உட்கார வைத்து, கடைசியில் என் இடது தொடையை இடிக்கிற மாதிரி பொருத்தினார்.

அந்த இரண்டு கிலோ முந்நூறுக்கும் சேர்த்துத்தான் எனக்கு எழுபது, அதுவரை நான் இளைக்க வேண்டியிருந்தது. காலைப் பரோட்டா போயிற்று. தே தாரிக் என்கிற ஆற்றின பால் டீயும் போயிற்று. வீட்டுத் தராசை அவர் நம்பவில்லை. சனிக்கிழமைதோறும் தேக்கா சந்தைக்கு இழுத்துப் போய், ஆட்டிறைச்சிக் கடை பாயின் பெரிய தராசில் ஏற்றி நிறுத்துவார். முதல் நாள் பாய் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எலும்போட எழுவத்தஞ்சு அண்ணே. எலும்பில்லாம வேணுமா?" என்று கேட்டார். வரிசையில் நின்ற பெண்கள் பைகளால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நான் தேக்கா பக்கம் தலைகாட்டவே யோசித்த காலம் அது.

ஐந்து மாதம். அந்த நாளும் வந்தது. அதற்குள் அண்ணன் தனியாக ஒன்பது தடவை பறந்து இறங்கியிருந்தார். கொட்டகைத் தராசில் ஏறினேன். எழுபத்தொன்று. சப்பாத்தைக் கழற்றச் சொன்னார், கழற்றினேன். இடைவார், கைப்பேசி, பணப்பை, சாவிக்கொத்து எல்லாம் போயின. இன்னும் இருநூறு கிராம் மிச்சம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அந்தச் சிலிண்டர எடுங்க அண்ணே. ஒரே ஒரு தடவை."

 அவர் குனிந்து தன் சப்பாத்துகளைக் கழற்றித் தராசில் வைத்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். இருவரும் வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தோம்.

பதினொரு நிமிஷம் பறந்தோம். கீழே செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகப் போயின, தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. இறக்கை எதுவும் மறைக்கவில்லை. நான் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மட்டும் நிமிஷத்துக்கு ஒரு தரம், கையைச் சிலிண்டர் மேலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி உயிரை வாங்கினார்.

இறங்கியதும் அவர் விமானத்தைத் துடைக்கப் போனார். எடைகளை எழுதி வைக்கும் அவருடைய நோட்டு பெஞ்சின் மேல் கிடந்தது. என் எண்ணை எந்த அழகில் எழுதியிருக்கிறார் என்று பார்க்கத்தான் திறந்தேன். அவர் தனியாகப் பறந்த ஒன்பது நாளுக்கும் ஒன்பது வரிகள். விமானி, எரிபொருள் என்று வரிசையாக எழுதி, சிலிண்டர் என்ற இடத்தில் ஒன்பதிலும் பூஜ்யம் போட்டிருந்தார். பத்தாவது வரியில்தான், என் பெயருக்குப் பக்கத்தில், இரண்டு கிலோ முந்நூறு.

நோட்டை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். ஒன்பது தடவையும் அதைக் கழற்றி வைத்துவிட்டா போனார் என்று கேட்டேன்.

"ஒத்தையா போறப்ப எதுக்கு தம்பி? சும்மா ரெண்டு கிலோ" என்றார். துடைப்பதை நிறுத்தவில்லை. "நீ வர்றப்பதான் வேணும். நீ புள்ளகுட்டிக்காரன்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சிலிண்டராலேயே ஒரு போடு போட்டிருப்பேன். அண்ணி வீட்டில் தனியாக உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கு இந்த மனிதரின் கணக்கில் ஒரு கிராம்கூட இல்லை.  திரும்பி வரும் வழியில் பாலத்து நெரிசலில் நின்றபோது சொன்னேன்.

"அது இல்லாம இனிமே நீங்க ஏறுனா, என் கார் வராது. அண்ணிகிட்டயும் சொல்லிடுவேன்."

வெகுநேரம் வாய்க்குள் ஏதோ கூட்டிக் கழித்தார். பிறகு, சரி என்றார்.

இப்போது அவர் பெரும்பாலும் தனியாகத்தான் பறக்கிறார். நான் மறுபடி ஏறி எழுபத்தெட்டு. ஆனாலும் ஞாயிறுதோறும் போகிறேன். அவர் கிளம்புவதற்கு முன்னால் கதவு வழியாகக் கைவிட்டுச் சிலிண்டரைத் தொட்டுப் பார்ப்பேன். சும்மா சுமக்கிறேன் என்று முணுமுணுப்பார். சும்மாவே கிடக்கட்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்துவேன். கொட்டகை வாசலில் எனக்கு நாற்காலி உண்டு, மடியில் சூடாகப் பரோட்டாப் பொட்டலம் உண்டு, தடுக்க ஆளும் இல்லை. ஆனால் அந்தச் சக்கரம் இரண்டும் தரையைத் தொடும்வரை எனக்குப் பசிப்பதில்லை.