ஜப்பான்காரன் முறுக்கிய ஸ்குரூ

வெங்காயம், புகையிலை, வாழை ஆகியவற்றோடு எங்கள் குடாநாட்டு மண்ணில் உரம் போடாமலே விளைகிற இன்னொன்று உண்டு. அதற்குப் பெயர் ஒறிஜினல்காரர். மழை பொய்த்தாலும் இந்த விளைச்சல் பொய்த்ததில்லை.

நீங்கள் அவரைக் கண்டிருப்பீர்கள். ஒரு பொருள் கொம்பனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே, ஒரு கீறல் கூடாமலும் ஒரு ஸ்ரிக்கர் குறையாமலும், அவருடைய காலம் முடியும்வரை இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. பொருள் வேலை செய்கிறதா? அதைப் பிறகு பார்க்கலாம். அதில் யாராவது கை வைத்தார்களா என்பதுதான் முதற் கேள்வி. மற்றவர்கள் தங்கள் பிள்ளை டொக்டருக்குப் படிப்பதைச் சொல்கிற குரலில் இவர் சொல்வார்: "இது வந்தபடி. ஒருத்தரும் கை வைக்கேல்லை."

இந்த இனத்தின் குணங்கள் எல்லாவற்றையும் ஒரே உடம்பில் பார்க்க விரும்பினால் கோப்பாய்க்கு வாருங்கள், என் பக்கத்து வீட்டுப் பரமலிங்கத்தாரைக் காட்டுகிறேன். ஓய்வுபெற்ற தபால் அதிபர். முப்பத்தைந்து வருஷம் தபாற் கந்தோரில் இருந்து, ஒட்டிய உறையைப் பிரிக்காமல் அடுத்த கையில் கொடுப்பதையே தொழிலாகச் செய்தவர். அவரிடம் ஒரு வெள்ளை ஜப்பான் கார் இருக்கிறது. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுத் தயாரிப்பு. வல்வெட்டித்துறையில் ஒருவரிடம் வாங்கினார். அந்த ஒருவர் இன்னொருவரிடம் வாங்கினார். அந்த இன்னொருவர் யாரிடம் வாங்கினார் என்று யாரும் கேட்கவில்லை.

கார்க் கதவின் விளிம்பில் ஜப்பான் எழுத்தில் ஒரு ஸ்ரிக்கர் உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கோப்பாயில் யாருக்கும் தெரியாது. 'இந்தக் காரை வாங்கவேண்டாம்' என்றும் எழுதியிருக்கலாம். ஆனாலும் கார் கழுவும்போது அந்த ஸ்ரிக்கரில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் உள்ளங்கையால் மூடிக்கொள்வார். ஆயுதபூசை அன்று ஸ்ரியறிங்குக்கும் நாலு சில்லுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார். நடுவில் இருக்கிற பாட்டுச் செற்றுக்கு மட்டும் பொட்டை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, அந்தத் தாளைச் செற்றுக்கு முன்னால் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு எடுத்துவிடுவார். சந்தனம் உள்ளே ஊறிவிடும் அல்லவா?

அந்தச் செற்றில்தான் கதை இருக்கிறது. காரோடு பிறந்த கறுப்புப் பெட்டி. ரேடியோ உண்டு, கசற் போட ஒரு வாய் உண்டு, அவ்வளவுதான். பரமலிங்கத்தாரின் மனைவி அருந்ததி அக்காவுக்கு ரொறன்ரோவில் இருக்கிற மகள் நெருப்புப்பெட்டி அளவில் ஒரு பிளேயர் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டு. விடிந்தால் அடுப்பு, பிறகு தோட்டம், பிறகு திரும்பவும் அடுப்பு என்று ஓடுகிற அருந்ததி அக்காவுக்குக் கை ஓய்ந்திருக்கிற ஒரே இடம் அந்தக் காரின் முன் சீற்தான். அதில் இருக்கிற அரை மணித்தியாலம் தனக்குப் பிடித்த பாட்டுக் கேட்கவேண்டும் என்றார். இதைவிட நியாயமான ஆசையை நான் கேட்டதில்லை. நான் அவருடைய கட்சி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பிளேயரைச் செற்றோடு கொழுவவேண்டும். ஒரு வயர் வேலை. மூன்று வருஷம் ஆனது.

முதலில், சிகரெட் லைற்றர் துவாரத்தில் செருகுகிற ஒரு சாமான் வந்தது. பிளேயரில் இருக்கிற பாட்டை அது ஒரு குட்டி வானொலி நிலையம் மாதிரி ஒலிபரப்பும், காரின் ரேடியோ அதைப் பிடித்துப் பாடும். செற்றில் கை வைக்கத் தேவையில்லை என்றதும் பரமலிங்கத்தார் மகிழ்ந்துபோனார். ஆனால் ஜப்பான் ரேடியோவின் முள் தொண்ணூறைத் தாண்டாது. அந்த நாட்டு வழக்கம் அது. இந்தச் சாமானோ எண்பத்தேழரைக்குக் கீழே இறங்காது. இரண்டுக்கும் பொதுவாகக் கிடைத்த இரண்டு விரல் இடத்தில் ஏற்கெனவே ஒரு வானொலி குடியிருந்தது. கோப்பாய்ச் சந்தியில் காதல் பாட்டுத் தொடங்கும். பாடுகிறவர் உருகி, காதலியின் பெயரைச் சொல்ல வாயெடுக்கிற நேரத்தில் நீர்வேலி வந்துவிடும். உடனே 'அன்னார் காலஞ்சென்றவர்களான' என்று மரண அறிவித்தல் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். அச்சுவேலி போய்ச் சேர்வதற்குள் அரைப் பாட்டும் நாலு மரணமும் ஆகிவிடும்.

"இஞ்சருங்கோ, கலியாண வீட்டுக்குப் போகேக்கை செத்தவீட்டுச் செய்தியே கேக்கிறது? நிப்பாட்டுங்கோ!"

"செற்றிலை பிழையில்லை, அருந்ததி. செத்த ஆக்களிலைதான் பிழை."

இரண்டாவதாக வந்தது வால் முளைத்த கசற். பார்த்தால் கசற் மாதிரியே இருக்கும், உள்ளே நாடா இராது, பின்னால் வாலாக ஒரு வயர் தொங்கும். கசற்றைச் செற்றின் வாயில் கொடுத்து வாலைப் பிளேயரில் கொழுவினால் பாட்டு வரும். வந்தது. பதினொரு செக்கன் வந்தது. அதற்குள் பரமலிங்கத்தார் பிரேக்கை அழுத்தி, காரைத் தெருவோரம் நிறுத்தி, கசற்றை இழுத்து எடுத்துவிட்டார். வால் வெளியே நின்றதால் செற்றின் வாய் மூடி முழுதாக மூடவில்லையாம். முப்பது வருஷமாக ஒழுங்காக மூடிய மூடியாம். தூசி போனால் ஜப்பான்காரனுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார்.

ஒரு சின்ன ஸ்பீக்கரை டாஷ்போர்ட்டில் வைத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். வைத்தால் தடம் விழும். மடியில் வைத்தால்? வழுக்கி விழுந்து கியர்ப் பெட்டியில் கீறும். பிளேயரின் வயரைக் காதில் மாட்டிக்கொண்டால்? அதையும் அருந்ததி அக்கா செய்து பார்த்தார். கோப்பாயிலிருந்து அச்சுவேலி வரைக்கும் பரமலிங்கத்தார் இந்தக் காரின் பெற்றோல் ராங்கைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்லும் அக்காவின் காதில் விழவில்லை என்பது சந்தைக்கு முன்னால் இறங்கும்போதுதான் தெரியவந்தது. அன்றோடு அதற்கும் தடை விழுந்தது.

கடைசியில் அச்சுவேலியில் வாகன வயறிங் வேலை செய்கிற சுபாஸ்கரனிடம் போனார்கள். அவன் குனிந்து ஒரு முறை பார்த்தான்.

"ஐயா, இந்த மொடல் செற்றுக்குப் பின்னாலை ஒரு சொக்கெற் இருக்கும். செற்றை வெளியாலை இழுத்து, வயரைக் கொழுவி, திருப்பித் தள்ளினால் சரி. நாலே நாலு ஸ்குரூ. பத்து நிமிச வேலை."

"ஸ்குரூ கழட்ட வேணுமோ?"

"ஓம் ஐயா."

"தம்பி, அந்த நாலும் ஜப்பான்காரன் முறுக்கினது."

"நான் திருப்பி முறுக்கித் தாறன்தானே?"

"நீர் முறுக்கினால் அது அச்சுவேலி ஸ்குரூ. எனக்கு வேண்டாம்."

அடுத்த நாள் அருந்ததி அக்கா மினிபஸ்ஸில் ஏறிவிட்டார். எங்கள் மினிபஸ்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சீற் கிழிந்திருக்கும், ஸ்பீக்கர் கிழிந்திராது. சந்தைக்கு, கோயிலுக்கு, தெரிந்தவர்கள் வீட்டுக்கு, எங்கே போவதென்றாலும் அவர் மினிபஸ்ஸில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போனார். பரமலிங்கத்தார்? மனைவியைத் தனியே விடுகிற மனிதர் அல்லர் அவர். வெறும் காரை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். மினிபஸ் ஆளை ஏற்ற நின்ற இடத்திலெல்லாம் காரும் நின்றது. கொண்டக்டர் வெற்றிலை வாங்க இறங்கினால் கார் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது.

"அக்கா, ஒரு வெள்ளைக் கார் ஒரு கிழமையா எங்களைக் கலைச்சுக்கொண்டு வருகுது. ஆர் எண்டு தெரியுமே?" என்று கொண்டக்டர் கேட்டான்.

"தெரியும். என்ரை மனிசன்."

"அப்ப ஏன் அதிலை வராமல் இதிலை வாறியள்?"

"அதிலை பாட்டு இல்லை, தம்பி."

இரண்டாம் கிழமை ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது: பரமலிங்கத்தாரும் மனிசியும் பிரிந்துவிட்டார்கள். சிரிப்பாக இருந்த காரியம் இங்கேதான் முள்ளாகியது. ஏனென்றால் பரமலிங்கத்தாரின் தங்கை நாகேஸ்வரியின் மகள் கஜந்தினிக்குக் கல்யாணம் வைத்திருந்தது. தகப்பன் இல்லாத பிள்ளை. பரமலிங்கத்தார் தோளில் தூக்கித் திரிந்த பிள்ளை. தாரை வார்த்துக் கொடுப்பது தானும் அருந்ததியும்தான் என்று அவள் நேர்சரிக்குப் போன காலத்திலேயே அவர் சொல்லி வைத்திருந்தார். மாப்பிள்ளையின் பெரியம்மா இரத்தினம்மாவுக்கு மினிபஸ் கதை எட்டியது. பிரிந்திருக்கிற சோடி தாரை வார்ப்பது சரிவராது, இருவரும் ஒரே வாகனத்தில் வந்து மண்டப வாசலில் இறங்கட்டும், இல்லாவிட்டால் வேறு சோடியைப் பாருங்கள் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

நாகேஸ்வரி அழுதுகொண்டு ஓடிவந்தார்.

"அண்ணை, மச்சாளை அந்தக் காரிலை ஏத்திக்கொண்டு வாங்கோ. உங்களுக்கு ஸ்குரூ பெரிசோ, என்ரை பிள்ளை பெரிசோ?"

பரமலிங்கத்தார் யோசித்தார். இந்தக் கேள்விக்கு யோசிக்கிற ஒரு மாமனை நீங்கள் வேறெங்கும் காணமாட்டீர்கள். ஆனால் யோசித்து முடிந்ததும் அவருடைய கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். "சுபாஸ்கரனை வரச்சொல்லு" என்றார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, நல்ல நேரம் பார்த்து, வேலை தொடங்கியது. முன் சீற்றில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் நாலு கோப்பைத் தட்டு வைத்து, ஒவ்வொன்றிலும் 'மேல் இடது', 'மேல் வலது' என்று பரமலிங்கத்தார் எழுதி ஒட்டியிருந்தார். ரோச் லைற் பிடிக்கிற பொறுப்பு எனக்கு. சுபாஸ்கரன் முதல் ஸ்குரூவைக் கழற்றினான். பரமலிங்கத்தார் அதை இரண்டு கையாலும் வாங்கித் தட்டில் வைத்தார். இரண்டாவது வந்தது. அதன் தலை வேறு மாதிரி இருந்தது. மூன்றாவது சைக்கிள் மட்காட்டில் பூட்டுகிற ஸ்குரூ. நான்காவது ஸ்குரூவே இல்லை. நெருப்புக்குச்சி.

சுபாஸ்கரன் செற்றை மெதுவாக இழுத்தான். பின்னால் வயர்கள் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரால் சுற்றப்பட்டிருந்தன. செற் ஆடாமல் இருப்பதற்காக எட்டாக மடித்த ஒரு தமிழ்ப் பேப்பர், சரியாக அந்தச் சொக்கெற்றுக்கு மேலே இறுக்கிச் செருகப்பட்டிருந்தது. ரோச் வெளிச்சத்தில் 'மணமகன் தேவை' என்ற விளம்பரம் தெளிவாகத் தெரிந்தது.

"ஐயா," என்றான் சுபாஸ்கரன், செத்தவீட்டில் பேசுகிற குரலில், "இது ஆரோ முதலே கழட்டியிருக்கினம்."

பரமலிங்கத்தார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் குனிந்தார்.

"ஜப்பானிலை எங்கடை ஆக்கள் கனபேர் வேலை செய்யினம்," என்றார்.

"ஐயா, கார் தொண்ணூற்றி மூண்டு. பேப்பரிலை ரெண்டாயிரத்தி நாலெண்டு கிடக்கு."

"பேப்பர்க்காரர் எப்ப தேதியைச் சரியா அடிச்சவை?"

"அப்ப நெருப்புக்குச்சி?"

"ஜப்பான் மரம். பாத்தால் தெரியேல்லையே?"

சுபாஸ்கரன் என்னைப் பார்த்தான். நான் ரோச்சைப் பார்த்தேன். "சரி ஐயா, இந்தப் பேப்பரை எடுத்தால்தான் வயரைக் கொழுவலாம்," என்று அவன் கையை நீட்டினான். பரமலிங்கத்தார் உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டார்.

"எடுக்காதையும். அது வந்தபடி."

வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அருந்ததி அக்கா சண்டை போடவில்லை. "நாளைக்கு மினிபஸ் ஏழேகாலுக்கு. நான் அதிலைதான் போறன். தாரை வாக்கிற மற்ற ஆள் வாறதெண்டால் வரலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சுபாஸ்கரன் செற்றைத் தள்ளி, மூன்று ஸ்குரூவையும் பூட்டி, நெருப்புக்குச்சியை அதற்குரிய தட்டிலிருந்து எடுத்து அதற்குரிய துளையில் செருகினான். இடம் மாறவில்லை என்பதைப் பரமலிங்கத்தார் கூட நின்று உறுதிசெய்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கோப்பாய்ச் சந்தியில் பட்டு வேட்டியும் சால்வையுமாகப் பரமலிங்கத்தார், பக்கத்தில் கூறைப்பட்டுப் போல ஒன்று உடுத்து அருந்ததி அக்கா. காரைப் படங்குத் துணியால் மூடி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார் மனிசன். மினிபஸ் பாட்டோடு வந்தது. கல்யாணத்துக்கு நானும் அதில்தான். ஏறி உட்கார்ந்ததும் பரமலிங்கத்தார் எட்டி டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த செற்றைப் பார்த்தார்.

"தம்பி, இது பஸ்ஸோடை வந்ததோ?"

"இல்லை ஐயா, இது நாலாவது செற்," என்றான் கொண்டக்டர்.

"அதுதான் பாட்டு இப்பிடிக் கேக்குது," என்று மனைவியின் காதில் சொன்னார். பாட்டுச் சத்தத்தில் அக்காவுக்கு அது கேட்கவில்லை. அருந்ததி அக்கா ஜன்னலில் சாய்ந்து, விரலால் தாளம் போட்டுக்கொண்டு, மூன்று வருஷத்தில் நான் காணாத ஒரு முகத்தோடு வந்தார்.

மண்டப வாசலில் மினிபஸ் நின்றபோது இரத்தினம்மா இறங்கியவர்களை எண்ணிப் பார்த்தார். ஒரே வாகனம் என்று கேட்டார், ஒரே வாகனம்தான். கூடவே சந்தைக்குப் போகிற இருபத்தாறு பேர் இருந்ததைப் பற்றி நிபந்தனையில் ஒன்றும் இல்லை. கஜந்தினியின் கையைப் பிடித்துத் தாரை வார்த்தபோது பரமலிங்கத்தார் பிள்ளை மாதிரி அழுதார். அந்த அழுகையில் கலப்படம் இல்லை, அதை நான் எங்கும் வந்து சொல்வேன்.

சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்து முடிந்ததும் எழுந்து உங்கள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ரீவீ ரிமோட் இன்னும் பொலித்தீனுக்குள்தான் இருக்கிறதா? பிரிஜ் கதவில் கடைக்காரன் ஒட்டிய ஸ்ரிக்கர்? மெத்தை விரிப்பின் கீழே சரசரக்கிற அந்தப் பிளாஸ்ரிக் உறை? தூசிக்காக விட்டுவைத்திருக்கிறீர்கள், தெரியும். அதைக் கழற்றச் சொல்லி உங்கள் வீட்டில் ஒருவர் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தாரே, இப்போது கொஞ்ச நாளாக அவர் கேட்பதில்லையே, கவனித்தீர்களா? மினிபஸ் ஏழேகாலுக்கு. கொஞ்சம் முந்தியே போய் நில்லுங்கள், பக்கத்துச் சீற் கிடைப்பது கஷ்டம்.