காதர் நானாவைப் பற்றி நான் எழுதிய அறிக்கை

ஒன்றை எண்ணத் தெரிந்தால் போதும், அதைப் பற்றித் தீர்ப்பும் சொல்லிவிடலாம் என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பினாங்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுவது என் வேலை. (கப்பலில் ஏறாத மூட்டைகூட என் கணக்கில் சில சமயம் இறங்கியதுண்டு.)

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துக் கால்பந்து அணி ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றது. முன்வரிசைப் பையன்களைப் பழக்கியவர் காதர் நானா. சூலியா தெருவில் தொப்பி தைத்து விற்பவர். சாயங்காலமானால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் திடலுக்கு வந்துவிடுவார். ஆட்டத்தின்போது கோட்டோரம் நின்று, எப்படித் தாக்குவது என்று கத்திச் சொல்வதும் அவர்தான். அவரை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று பழைய மாணவர் சங்கத்தில் பேச்சு வந்தது.

"யாராச்சும் நாலு ஆட்டத்தைப் பாத்து, எண்ணி எழுதிக் குடுங்க. அத வச்சு முடிவு பண்ணுவோம்" என்றார் தலைவர் வயிரவன் செட்டியார்.

நான் கையைத் தூக்கினேன்.

வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட நான் உதைத்ததில்லை. அதைவிடப் பெரிய சங்கடம், எனக்குக் கண் சரியாகத் தெரியாது. இருபது கெஜத்துக்கு அப்பால் மனிதனும் சவுக்கு மரமும் எனக்கு ஒன்றுதான். கண்ணாடி போட்டால் பெண் கிடைக்காது என்று அம்மா பயமுறுத்தியிருந்ததால் வெளியே சொல்லவில்லை. சட்டையின் நிறம் தெரியாதவன் யார் தாக்குகிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டேன். ஆட்டம் தொடங்கும்போது, நம் பையன்கள் எந்தப் பக்கம் அடிக்கிறார்கள் என்று பக்கத்திலிருப்பவரிடம் கேட்டுக்கொள்வேன். கடல் பக்கம் என்றால், மங்கலாகத் தெரியும் கும்பல் அங்கே ஓடும்போதெல்லாம் நம் தாக்குதல். மறுபக்கம் ஓடினால் எதிரியின் தாக்குதல். இடைவேளையில் ஐஸ் போட்ட செண்டோல் குடிக்கப் போவேன். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து எண்ணுவேன்.

நாலு ஆட்டத்துக்கு மூன்று பக்க அறிக்கை. "இரண்டாம் பாதியில் நமது முன்வரிசை அடியோடு படுத்துவிடுகிறது. எதிரிகளோ நமது கோலை முற்றுகையிடுகிறார்கள். மேலும், ஆட்டம் மும்முரமாக நடக்கையில் பயிற்சியாளர் 'பிறை', 'தண்ணீர்மலை' என்று ஊர்ப்பெயர்களைக் கூவுகிறார். அவருடைய கவனம் உல்லாசப் பயணத்தில் இருப்பதாகத் தெரிகிறது."

கடைசி வரியை எழுதிவிட்டு நானே இரண்டு முறை படித்து ரசித்தேன். அறிக்கையைச் செட்டியாரிடம் கொடுத்தாயிற்று. கூட்டத்தன்று, என் அறைத்தோழன் நடேசன் கூடவே நடந்து வந்தான். பள்ளி அணியில் இரண்டு வருஷம் ஆடியவன். பெருமைக்காக அறிக்கையின் நகலை அவனிடம் நீட்டினேன்.

"என்னாடா இது, உல்லாசப் பயணமா?" என்று நடுத்தெருவில் நின்றுவிட்டான். "அது ரகசியக் குறிப்புலா! பிறை கடலுக்கு அக்கரையில இருக்குல்ல, அதனால பிறைன்னா பந்த அடுத்த ஓரத்துக்குத் தள்ளணும். தண்ணீர்மலைன்னா மலை மாதிரி ஒசரத் தூக்கி அடிக்கணும். எதிராளிக்குப் புரியக்கூடாதுன்னு நானா வச்ச பேருடா!"

நகலைத் திருப்பி வாங்கப் பார்த்தேன். அவன் விடவில்லை.

"அதை விடு. ரெண்டாவது பாதியில நம்மாளுங்க அத்தன மோசமா?"

"கடல் பக்கம் கும்பலே வரலையே."

"ரெண்டாவது பாதியில எதுக்குக் கடல் பக்கம் பாத்தே? பக்கம் மாறிடுவாங்களே!"

"யாரு?"

"ரெண்டு டீமும்டா!"

அதன்பிறகு சங்கக் கட்டடம்வரை எப்படி நடந்தேன் என்று தெரியாது. வயிற்றுவலி என்று திரும்பிவிடலாமா? காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்துவிடலாமா? உள்ளே போனதும், "ஐயா, அதுல ஒரு சின்ன பிழை இருக்கு, திருத்தித் தர்றேன்" என்று கையை நீட்டினேன்.

"பிழையா? எழுத்து முத்து முத்தா இருக்கு தம்பி, உக்காருங்க" என்றார் செட்டியார்.

கதவோரம் காதர் நானா நின்றிருந்தார். அவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். செட்டியார் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். உல்லாசப் பயணம் வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். நானா சண்டை போடுவார், நாலு கேள்வியில் என் வண்டவாளம் வெளிவந்துவிடும் என்று பயந்தேன். (அதற்காக ஏங்கினேன் என்றும் சொல்லலாம்.)

அவர் சண்டை போடவில்லை. "என் கண்ணுக்குப் புள்ளைங்க நல்லா ஏறிப் போற மாதிரிதான் தெரிஞ்சுச்சு. வயசாயிருச்சு போல" என்றார் மெதுவாக. "படிச்ச தம்பி எண்ணி எழுதியிருக்கு, தப்பா இருக்காது. நான் ஒதுங்கிக்கிறேன் செட்டியாரே."

"அப்ப முடிவு பண்ணிடலாமா?" என்றார் செட்டியார்.

நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"பக்கம் மாறுவாங்கன்னு எனக்குத் தெரியாது!"

ஒருவருக்கும் விளங்கவில்லை. மூன்று முறை சொன்னேன். இரண்டாம் பாதியில் நான் எழுதியதெல்லாம் தலைகீழ், முற்றுகையிட்டது நம் பையன்கள், எனக்குக் கண்ணும் தெரியாது, ஆட்டமும் தெரியாது என்று மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தேன்.

செட்டியார் நடேசன் பக்கம் திரும்பி, "மாறுவாங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார். (அவர் ஒவ்வோர் ஆட்டத்திலும் இடைவேளையோடு கடைக்குப் போய்விடுபவர் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.)

நானா என்னையே பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கதவோரத்திலிருந்தே கையை உயர்த்தி, "இது எத்தன வெரலு தம்பி?" என்றார்.

கண்ணை இடுக்கிப் பார்த்து, "மூணு" என்றேன்.

அவர் தூக்கிப் பிடித்திருந்தது தன் தொப்பியை.

முதலில் சிரித்தவர் அவர்தான். மறுநாள் அவரே என்னைக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துப் போனார். சங்கம் அவரை அணியைவிட்டு அனுப்பவில்லை. அணி அடுத்த வருஷமும் தோற்றது. ஆனால் இந்த முறை நான் கண்ணாடியோடு அவர் பக்கத்தில் நின்று, நம் பையன்கள் எதிரியின் கோல் வரைக்கும் அழகாகப் போய், அங்கே பந்தை வானத்துக்கு அனுப்புவதைத் தெளிவாகப் பார்த்தேன்.

பல வருஷம் கழித்து, இந்தக் கதையை என் மனைவியிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். போன மாதம் மூத்த மகளுக்கு வரன் பார்த்துவிட்டு வந்து, "பையன் நல்ல நிதானமானவன்" என்றேன்.

"எந்தப் பக்கம் உக்காந்திருந்தவரு?" என்றாள்.

மகள் உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள். மறுவாரம் இன்னொரு முறை போய்ப் பார்த்தோம். இந்தத் தடவை மனைவியும் கூட வந்தாள்.